வாக்கு உண்டு, வாடகை அறை இல்லை

அமெரிக்காவில் 18 வயது நிரம்பியவர் தேர்தலில் வாக்களிக்கலாம், படையில் சேரலாம், பல ஆண்டுகள் கட்டவேண்டிய கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாம். குற்றம் செய்தால் பெரியவர்களுக்குரிய நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். அவரே விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் கேட்டால், பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 21 ஆன பிறகும் 25 வரும்வரை ‘இளம் ஓட்டுநர் கட்டணம்’ என்ற பெயரில் நாளொன்றுக்குச் சுமார் 25 டாலர் கூடுதலாக வைக்க வேண்டும். ஐந்து நாள் பயணத்தில் அதுவே 125 டாலர். விடுதிகளிலும் பலவற்றில் 21 வயதானால்தான் அறை. கல்லூரி விடுமுறைக் காலத்தில் கடற்கரை ஊர்களின் சில விடுதிகள் இந்த எல்லையை 25-க்கே கொண்டுபோய்விடுகின்றன.

வியத்நாம் போருக்கு 18 வயதுப் பிள்ளைகளை அனுப்பும் நாடு அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கலாமா என்று அந்நாட்டு மக்கள் கேட்டார்கள். 1971-இல் வந்த 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கான பதில். அரசு ஏற்றுக்கொண்ட அந்த நியாயத்தைச் சந்தை இன்னும் ஏற்கவில்லை. சட்டப்படி முழுக் குடிமகனான ஒருவரை, காசு கையில் இருந்தும், வயதை மட்டும் காட்டி வணிகர் வாசலில் நிறுத்துவது அறமாகுமா என்பதே கேள்வி.

18-க்குக் கீழ்ப்பட்டவர்கள் இந்த வழக்கில் வரமாட்டார்கள். அவர்கள் செய்யும் ஒப்பந்தத்தைச் சட்டமே முழு ஒப்பந்தமாக மதிப்பதில்லை. இந்தியாவில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் சிறுவர் நினைத்தால் தாம் செய்த ஒப்பந்தத்தை உதறிவிடலாம். பணம் தராவிட்டாலும் வழக்குப் போட முடியாத ஒருவரிடம் சாவியைக் கொடுக்க வணிகர் தயங்குவதில் குற்றமில்லை. ஆனால் 18-க்கும் 25-க்கும் இடைப்பட்டவர்களைச் சட்டம் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பொறுப்புகள் அத்தனையும் அவர்கள் தோளில் ஏறிவிட்டன. உரிமைகளில்தான் சில பாக்கி நிற்கின்றன.

வணிகர் தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கார் என்பது ஓட்டுபவருக்கு மட்டும் ஆபத்தான பொருளல்ல. சாலையில் நடப்பவரும் எதிரே வருபவரும் அதற்குப் பலியாகலாம். ஓட்டிய தூரத்துக்கு இத்தனை என்று கணக்கிட்டால், அமெரிக்காவில் 16 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் உயிர்ச்சேத விபத்தில் சிக்கும் விகிதம், 20-க்கு மேற்பட்டவர்களின் விகிதத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இருபதுகளின் தொடக்கத்திலும் அந்த ஆபத்து நடுவயதினரைவிட அதிகமாகவே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் இதைப் பார்த்தே பிரீமியம் போடுகின்றன. அந்தச் செலவை இளைஞரிடம் வாங்காவிட்டால் மற்ற வாடிக்கையாளர்கள் தலையில்தான் ஏற்ற வேண்டும். நாற்பது வயதில் நிதானமாக ஓட்டுபவர் முன்பின் தெரியாத இருபது வயதுக்காரரின் ஆபத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று வணிகர் கேட்டால் அதில் நேர்மை இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு கூட்டத்தைப் பற்றியது. கவுண்ட்டரில் நிற்பவர் தனி ஆள். 18-இல் உரிமம் வாங்கி ஆறு ஆண்டுகளாக ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டும் 24 வயதுப் பெண் கட்டணம் கட்டுகிறார். போன மாதம் உரிமம் வாங்கிய 40 வயதுக்காரர் கட்டுவதில்லை. ஆபத்தில் பெரும்பங்கு அனுபவக் குறைவால் வருகிறது என்றால், உரிமம் பெற்று எத்தனை ஆண்டு, எத்தனை அபராதம், எத்தனை விபத்து என்று பார்ப்பதே நேர்வழி. அந்தத் தகவல் எட்டாக்கனியல்ல. வயதைப் பார்ப்பது எளிது, மலிவு. அதனால்தான் அது நிலைத்திருக்கிறது. நிர்வாகத்துக்கு எளிது என்பது நியாயம் என்பதற்கு ஈடாகாது.

கட்டணம் முழுக்க முழுக்க ஆபத்தின் விலைதானா என்பதையும் சந்தேகிக்க இடமுண்டு. முன்பு சில மாநிலங்களில், வாடகைக்கு எடுத்தவர் விபத்து செய்தால் வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் நிறுவனமும் இழப்பீடு தரவேண்டியிருந்தது. 2005-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கிரேவ்ஸ் திருத்தத்தின் வழியாக, நிறுவனத்தின் பங்கில் கவனக்குறைவு இல்லாதவரை அந்தப் பொறுப்பை நீக்கியது. வண்டிக்கு வரும் சேதம், குறைந்தபட்சக் காப்பீடு முதலிய சுமைகள் மிஞ்சின. பெரிய சுமை இறங்கிவிட்டது. இளம் ஓட்டுநர் கட்டணம் மட்டும் இறங்கவில்லை. அரசு வேலையாகப் பயணம் செய்யும் படைவீரர் என்றால் 18 வயதிலேயே வண்டி கிடைக்கிறது. அதற்கு அரசுடன் ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு பெரிய வாகன ஓட்டிகள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், குறிப்பிட்ட நிறுவனத்தில் இந்தக் கட்டணம் தள்ளுபடி. படையின் உத்தரவுக் கடிதமும் உறுப்பினர் அட்டையும் ஒருவரின் ஓட்டும் திறனைக் கூட்டிவிடுவதில்லை. பின்னால் பேரம் பேச ஆள் இருப்பவருக்கு வழி திறக்கிறது என்பதே இதன் பொருள்.

மறுப்பது தவிர்க்க முடியாதது என்ற வாதத்தை நியூயார்க் மாநிலம் உடைத்திருக்கிறது. காப்பீடு கிடைக்கும் நிலையில் 18 வயது நிரம்பியவருக்கு வயதைக் காரணம் காட்டி வண்டி மறுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். கூடுதல் கட்டணம் வாங்கலாம், கதவை மூடக்கூடாது. அதனால் அங்கே வாடகைக் கார் தொழில் படுத்துவிடவில்லை.

பாலினத்தோடு ஒப்பிட்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். இளம் பெண்களைவிட இளம் ஆண்களே அதிக விபத்து செய்கிறார்கள் என்பதும் புள்ளிவிவரம்தான். ஆயினும் 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம் டெஸ்ட் ஆஷா வழக்கில், காப்பீட்டுக் கட்டணத்தை ஆண் பெண் என்று பிரித்துப் போடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதுவே நடைமுறை. ஆக, புள்ளிவிவரம் உண்மையாக இருந்தாலே போதாது, அதைக்கொண்டு ஒருவரை எடைபோடுவது தகுமா என்றும் கேட்க வேண்டும் என்பதைச் சட்ட உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வயது என்று வரும்போது மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை.

இதற்கு வலுவான மறுமொழி ஒன்று உண்டு. சாதி, இனம், பாலினம் ஆகியவை பெரும்பாலும் பிறவி முதல் இறுதிவரை கூடவே வருபவை. வயது அப்படியல்ல, எல்லோரும் 20-ஐத் தாண்டித்தான் வந்தார்கள், இன்று மறுக்கப்படுபவருக்கும் 25 வரும். வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான், இதில் யாருக்கு என்ன அநீதி என்பது அந்த வாதம்.

வயதுக் கட்டுப்பாட்டைச் சாதி ஒதுக்கலோடு ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதற்கு இந்த வாதம் போதும். கட்டுப்பாடு நியாயமானது என்பதற்குப் போதாது. 20 வயது எல்லோருக்கும் வருகிறது. ஒரே மாதிரி வருவதில்லை. அப்பாவின் கடன் அட்டையும் அம்மாவின் காரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு இந்த விதி ஓர் எரிச்சல், அவ்வளவே. காப்பக வளர்ப்பிலிருந்து 18 வயதில் வெளியே வந்தவருக்கு அப்படியல்ல. முதல் வேலைக்காக முன்பின் அறியாத நகரத்துக்குப் போகும் 20 வயதுக்காரருக்கும், வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய 19 வயதுப் பெண்ணுக்கும் இந்த விதி ஓர் இரவைத் தெருவில் கழிக்கவைக்கக்கூடியது. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கப்போகும் 22 வயது மாணவர்களுக்கும் அங்கே உற்றார் உறவினர் கிடையாது. பேருந்து வசதியில்லாத ஊரில் நேர்முகத் தேர்வு என்றால், டாலரை ரூபாயில் எண்ணிப் பார்க்கும் அவர்கள்தான் அந்தத் தனிக் கட்டணத்தையும் கட்டுகிறார்கள். ‘எல்லோரும் ஒருநாள் 25 ஆவார்கள்’ என்ற ஆறுதல் இன்றைய இரவுக்கு உதவாது.

சட்டமே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வயது வைக்கவில்லையா என்றும் கேட்கலாம். வைக்கிறதுதான். இந்தியாவில் 61-ஆவது திருத்தத்தால் 1989 முதல் வாக்களிக்க 18 போதும். மக்களவைக்குப் போட்டியிட 25 வேண்டும். ஆனால் அந்த எல்லைகள் மக்கள் மன்றத்தில் விவாதித்து எழுதப்பட்டவை, திருத்தவும் வழியுண்டு. விடுதி மேலாளர் வைக்கும் எல்லைக்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாழ்வின் கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் தனியார் கைக்குப் போகும்போது, காரணம் கேட்கும் உரிமையும் கூடவே போக வேண்டும்.

இதுவரை சொன்னதில் காரையும் அறையையும் ஒன்றாகவே பார்த்தோம். அறத்தின் பார்வையில் அவை ஒன்றல்ல. கார் கிடைக்காவிட்டால் பயணம் தடைப்படும். அறை கிடைக்காவிட்டால் ஆளுக்கே ஆபத்து. காரில் மூன்றாம் மனிதரின் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதற்கு விபத்துக் கணக்கு சான்று. அறையில் வணிகர் அஞ்சுவது கூச்சல், குடி, உடைந்த மேசை நாற்காலி. முன்வைப்புத் தொகை வாங்கி இந்த அச்சத்தில் பாதியைப் போக்கலாம். அறையின் குளிர்பெட்டியில் மதுப் புட்டி இருக்கிறது, மது அருந்தும் வயதோ 21 என்று சில விடுதிகள் காரணம் சொல்கின்றன. புட்டியை எடுத்துவிட்டால் தீரும் சிக்கலுக்கு மனிதரை வெளியே அனுப்புவது பொருந்தாது.

அச்சம் முற்றிலும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 2019 அக்டோபர் 31 இரவு கலிபோர்னியாவின் ஒரிண்டா நகரில், ஏர்பிஎன்பி வழியாக வாடகைக்கு எடுத்த வீட்டில் நடந்த விருந்தில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த நிறுவனம் 2020-இல் அமெரிக்காவில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்படி 25 வயதுக்குக் குறைந்தவர்கள் தங்கள் சொந்த ஊர்ப் பக்கத்தில் முழு வீட்டைப் பதிவு செய்ய முடியவில்லை. ஆனால் தனி அறை எடுக்க முடிந்தது. வெளியூரில் முழு வீடும் எடுக்க முடிந்தது. முன்பு தங்கிய இடங்களில் மூன்று நல்ல மதிப்பீடுகள் பெற்று, கெட்ட பெயர் ஏதும் இல்லாதிருந்தால் இந்தத் தடையும் இருக்கவில்லை. இந்த விதியிலும் குறை காணலாம். எனினும் அது ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கை வைத்தது, தலைசாய்க்க இடம் தேடும் பயணியை விலக்கவில்லை, நன்னடத்தைக்கு மதிப்புக் கொடுத்தது. 21 என்று பலகை மாட்டிவிட்டு உட்காரும் விடுதிக்கும் இதற்கும் அறவழியில் வெகுதூரம்.

விடுதித் தொழிலை வெறும் கடை வியாபாரமாகப் பழைய சட்டங்கள் கருதியதில்லை. காசு கொடுக்கத் தயாராக, ஒழுங்காக நடந்துகொள்ளும் பயணி வந்தால், அறை காலியாக இருக்கும்வரை தக்க காரணமின்றி விடுதிக்காரர் மறுக்கக்கூடாது என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம். இருட்டிய பிறகு வழிப்போக்கர் வேறெங்கே போவார் என்ற கவலையே அதன் வேர். நம் ஊர்ச் சாலைகளிலும் அரசர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். ஆனால் உள்ளே சாதி பார்த்தார்கள். அந்தக் கறையைத் துடைக்கத்தான் இந்திய அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள் என்று பெயர் சொல்லி, அங்கே மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி யாரையும் தடுக்கக்கூடாது என்றது. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டமும் விடுதிகளில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்க்கத் தடை விதித்தது. இரண்டு பட்டியலிலும் வயது இல்லை. அந்த இடைவெளியில்தான் இன்றைய விதிகள் குடியிருக்கின்றன.

இந்தியாவில் 18 நிரம்பியவருக்கு வயதைச் சொல்லி அறை மறுப்பது குறைவு. கல்யாணம் ஆகிவிட்டதா, உள்ளூர் ஆளா என்ற கேள்விகள் அந்த வேலையைச் செய்கின்றன. கோயம்புத்தூரில் மணமாகாத இருவர் தங்கியிருந்ததைக் குறையாகச் சொல்லி அதிகாரிகள் ஒரு தங்கும் விடுதிக்குச் சீல் வைத்தார்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் தெளிவாகச் சொன்னது. அங்கே 25 என்ற எண், இங்கே தாலி. வயது வந்தவரின் வாழ்வை அவர் பொறுப்பில் விட மனமில்லாமைதான் இரண்டுக்கும் அடிப்படை.

எனவே தீர்ப்பு இரண்டாகத்தான் வரமுடியும். கார் விஷயத்தில் கூடுதல் கட்டணம் நியாயமாகலாம். அது உண்மையான ஆபத்தின் அளவைத் தாண்டக்கூடாது. நல்ல ஓட்டுநர் என்று சான்று காட்டுபவருக்குக் குறைய வேண்டும். முன்பதிவின்போதே கண்ணில் படும்படி சொல்லப்பட வேண்டும். அப்போதும் அடியோடு மறுப்பது தகாது. அறை விஷயத்தில் 18 நிரம்பிய, பணம் கட்டத் தயாரான, ஒழுங்காக நடந்துகொள்ளும் எவரையும் வயதுக்காகத் திருப்பி அனுப்புவது அநீதி. வேண்டுமானால் முன்வைப்புத் தொகை கேட்கட்டும், விடுதி விதிகளை எழுதி ஒட்டட்டும், மீறினால் வெளியேற்றட்டும். செய்த தவறுக்குத் தண்டனை உண்டு; செய்யக்கூடும் என்ற ஊகத்துக்குத் தண்டனை கூடாது. பொது விடுதிகளில் பார்க்கக்கூடாதவை என்று சட்டம் வைத்திருக்கும் பட்டியலில், 18 தாண்டியவரின் வயதும் சேர வேண்டும்.

வயது வந்தவர் என்ற தகுதியைத் தவணைமுறையில் கொடுக்க முடியாது. கடனுக்கும் போருக்கும் சிறைக்கும் 18 போதும் என்று முடிவு செய்த சமூகம், ஓர் இரவு தங்கவும் அதுவே போதும் என்று ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.