எல்லையுள்ள ஆட்டமும் எல்லையற்ற திரையும்

மைதானத்திற்குச் செல்லும் மகனை வீணன் என்று கண்டிக்கும் பெற்றோர், கைபேசியுடன் அறைக்குள் முடங்கியவனைக் கண்டு, "பிள்ளை வீட்டோடு இருக்கிறான்" என ஆறுதல் கொள்கின்றனர். இவ்விரண்டில் எது வீண் என்பதை நிதானித்து நோக்குதல் வேண்டும்.

கால்பந்தாட்டத்திற்கு நாற்புறமும் கோடு உண்டு. 90 நிமிட வரையறை உண்டு. நடுவரின் ஊதலுக்குப் பணியும் கடமையும் உண்டு. திரைக்கோ முடிவில்லை. பக்கம் முடிந்ததும் 'போதும்' என்று எண்ண வாய்த்த இடைவெளியையும், தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் முறை பறித்துவிட்டது. 2006 ஆம் ஆண்டில் அதனை வகுத்த அஸா ராஸ்கின், பின்னர் அதற்காக வருந்தினார்.

ஆரோக்கியமும் ஓய்வும் மாந்தருட் பலர் ஏமாந்து இழக்கும் இரு நிஃமத்துகள் என எச்சரித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். விளையாட்டு ஓய்வைச் செலவிட்டு ஆரோக்கியத்தை ஈட்டுகிறது. திரைமயக்கமோ இரண்டையும் ஒருசேரக் கவர்கிறது. தொழுகையை மறக்கடிக்கும் ஆட்டமும் கேடே. எனினும், மக்ரிப் இருளில் மைதானம் கலைந்துவிடும். இரவெல்லாம் ஒளிரும் திரையோ ஸுபுஹையும் விழுங்கும்.

பாடம் முடித்த சிறுவனை விளையாட விடாது தடுப்பது அவன் உள்ளத்தை மரிக்கச் செய்யும் என்பது 'இஹ்யா'வில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. வாலிபர்க்கும் அது பொருந்தும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நாயகம் (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடியதை எண்ணினால், பெண்மக்களுக்கும் இவ்வுரிமை உண்டென்பது விளங்கும்.

ஆகவே, கைபேசியைக் கண்டிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பிள்ளைகள் ஓடியாட ஓரிடத்தைக் காத்துக் கொடுப்பதும் பெற்றோர், ஜமாஅத்தார் மீதுள்ள அமானிதமாகும்.