நிழலின் கடன்

ஹைதராபாத்திலிருந்து பீஜாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில், செவெள்ளா வட்டாரத்தில், ஏறத்தாழ 900 ஆலமரங்கள் பல தலைமுறைகளாக வழிப்போக்கர்க்கு நிழல் தந்து வந்துள்ளன. சாலை விரிவாக்கத்திலிருந்து அவற்றைக் காக்க வேண்டி, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2025 நவம்பரில் அச்சாலையில் நேர்ந்த பேருந்து விபத்தில் பலர் மாண்டனர். விரிவாக்கக் கோரிக்கை வலுத்தது. மனித உயிரா, மரமா?

மனித உயிரைக் காப்பது தருமமே, ஐயமில்லை. ஆயினும், வெட்டிய மரத்துக்கு ஒரு கன்று நட்டால் கணக்கு நேராகிவிடுமா? ஆலம்பழத்தினுள் மறைந்திருக்கும் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது ஆலுக்கே உரிய ஒரு சிறு குளவி. அவ்வினம் நிலைபெற, எங்கேனும் ஓர் ஆல் எப்போதும் காய்த்திருக்க வேண்டும். ஆதலால் ஆலமரங்கள் ஒரே காலத்தில் பழுப்பதில்லை. பிற மரங்கள் கனியற்று நிற்கும் நாளிலும் மைனாவும் குயிலும் குக்குறுவானும் பழந்தின்னி வௌவாலும் இங்கே பசியாறுகின்றன. கன்று அவ்விருந்தைப் படைக்கப் பல ஆண்டுகள் செல்லும். பசித்த பறவை அதுவரை காத்திராது.

ஆகவே இயன்ற இடத்திலெல்லாம் சாலையை வளைத்து மரத்தைக் காப்பதே முதற்கடமை, நடுவது அடுத்தது. அதற்கும் விவேகம் வேண்டும். பறவையின் எச்சத்தில் விழுந்த விதை பனையின்மேல் முளைத்து, அதையே இறுக்கிக் கொல்லவும் வல்லது, சுவரையும் பிளக்கும். எனவே வீட்டை விட்டு விலகி, குளக்கரையிலோ ஊர்ப் பொதுநிலத்திலோ, மழைக்காலத் தொடக்கத்தில் முற்றிய கிளையை ஊன்றுவோம். வேலியிட்டு நீர் வார்ப்போம்.

அதன் முழு நிழலை நாம் காணமாட்டோம். நமக்கு நிழல் தந்தவர்களும் அவ்வாறே நட்டுச் சென்றனர்.