லயத்தின் வாரிசுகள்

பத்து காஜா பக்கம் போகிறவர்கள் கெல்லி கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே பேய் உண்டா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தச் செங்கல் சுவர்களைப் பார்த்தால் சொத்துக் கணக்குதான் மனதில் ஓடும். 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதில் மலாயா வந்து, கிந்தாவில் காட்டை வாங்கி ரப்பர் நட்டார். 1915இல் மகன் பிறந்தான். அதே ஆண்டில் கோட்டை வேலையும் தொடங்கியது. லிஃப்டுக்கு இடம் விட்டுக் கட்டிய வீடு அது. பேரன் காலம்வரை நிற்கவேண்டும் என்று நினைக்காதவர் அப்படிக் கட்டமாட்டார். 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோனார். மனைவி ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கட்டி முடியாத வீட்டில் யாரும் குடிவரவே இல்லை.

*

சொத்து வாரிசுகள் கையிலேயே நிற்கவேண்டும் என்ற இதே கவலைதான் அமெரிக்காவில் காலனிக் கால வர்ஜீனியாவின் நிலப்பிரபுக்களுக்கும். உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கு. வம்சத்தைவிட்டு ஒரு காணியும் வெளியே போகாதபடி பரம்பரைக் கட்டு போட்டும் வைப்பார்கள். அந்தக் கட்டை 1776இல் ஜெஃபர்சன் அவிழ்த்தார். மூத்த மகன் உரிமையும் 1785இல் நீங்கியது. நல்ல காரியம் என்று வரலாறு எழுதுகிறவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் 1705இல் அங்கே போட்ட சட்டம், அடிமைகளை நிலத்தோடு சேர்த்து அசையாச் சொத்து என்று வகுத்திருந்தது. பிள்ளைகளுக்குள் பங்கு சமமான பிறகும், பங்கு போடப்பட்டவர்களில் மனிதர்கள் இருந்தார்கள்.

கெல்லியின் பேராக்கில் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் அடிமைகள் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தப்பு. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி ஆள்கட்டி வருவதும் 1938இல் இந்திய அரசு போட்ட தடையோடு ஓய்ந்தது. இருந்தும் தோட்டம் கைமாறும்போது மரம், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள், ஆள் எல்லாம் சேர்ந்தே கைமாறின. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்றவர்களுக்குப் புது முதலாளி யாரென்று தெரியப் பல மாதம் ஆகும்.

*

லயத்து வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை போனால் வீடும் போகும். அப்பா ஓய்வு பெற்றாலும், பிள்ளைகளில் ஒருவராவது பால் வெட்டினால் அடுப்பை இடம் மாற்றவேண்டியதில்லை. ஆகவே படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகூட வீட்டைக் காப்பாற்றக் கத்தியை எடுத்தது. அப்பா வெட்டிய நிரை மகளுக்கு வந்தது. இதைப் பரம்பரைச் சொத்து என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. வேறு பெயரும் இல்லை.

ஒன்று மட்டும் அவர்களே உண்டாக்கி, அவர்களே பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்: கோயில். கோட்டை கட்டப்பட்ட காலத்தில் கூலிகள் பலர் காய்ச்சலில் மடிந்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்தக் கோயில் கூரையில், சாமிகளுக்கு நடுவே வெள்ளை உடையில் ஒரு துரை நிற்கிறார். கெல்லி என்றுதான் ஊர் சொல்கிறது. (துரைக்கு அங்கே என்ன வேலை என்று கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை.)

*

விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுக்கொண்டு கிளம்பினார்கள். மொத்தமாக வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ் 1962இல் அதைப் பற்றி ஓர் ஆய்வே வெளியிட்டார். துண்டு வாங்கியவருக்கு லயம் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் சுங்கை சிப்புட்டிலிருந்து ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் வந்தார். அப்பா வீரசாமி 1896இல் மலாயா வந்து ரப்பர் தோட்டக்காரராக உயர்ந்தவர். மகன் தோட்டத்துக்கு வாரிசாகப் பிறந்தவர். அவர் மனைவி உமாசுந்தரியோடு தோட்டம் தோட்டமாகப் போய், பால் வெட்டுகிறவர்களிடம் பத்து வெள்ளி கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பத்து வெள்ளியால் எல்லோர் வாழ்வும் மாறிவிடவில்லை. மாறியது என்று சொல்லும் மேடைப்பேச்சுகளை நான் நம்புவதில்லை. ஆனால் தோட்டத்தில் ஒரு பங்கு ஒரு கூலியின் பெயரில் எழுதப்பட்டது, அவர் பிள்ளைக்குப் போகவும் வழி இருந்தது. நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் பத்திரம்.

துரைமாரின் கம்பெனிகள் பிறகு வேறு வழியில் கைமாறின. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி தோட்டக் கம்பெனி மலேசியாவுக்கு வந்தது. ஹாரிசன்ஸின் தோட்டங்களும் மறு ஆண்டில் வந்தன. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்துக்காரர்களுக்கு எந்த மாற்றத்திலும் பங்கு ஒதுக்கப்படவில்லை.

*

முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் பேசுகிறது. துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இருந்தால் அவர்களுக்குக் கால் பங்கு, துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மகன், மகள் வித்தியாசம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலே அண்ணன் தம்பிகள் வருடக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள்.

தாத்தாவின் தகரப்பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் திறந்து பாருங்கள். சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு கிடைத்தால், நியமனதாரர் யார் என்று சங்கத்தில் விசாரித்து, அத்தைமார்களையும் கேட்டுவிட்டுப் பெயர் மாற்றுங்கள்.