ஆட்டத்தின் முடிவு யார் கையில்?

மனித முயற்சிக்கும் அதன் பயனுக்கும் உள்ள உறவு என்ன என்பது சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா. இக்காலத்தில் அவ்வினாவுக்கான ஒரு விடையைப் பெருந்திரளான இளைஞர்களிடம் கொண்டுசேர்ப்பவை உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது விளையாட்டு உடை நிறுவனங்கள் வெளியிடும் விளம்பரங்களாகும். 2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டி இதற்குத் தெளிவான சான்று. 1970 முதல் உலகக்கோப்பைப் பந்தைச் செய்து தரும் அடிடாஸ், கால்பந்தின் உலக ஆட்சியமைப்பான ஃபிஃபாவின் அதிகாரப்பூர்வப் பங்காளியாக இருந்தது. அந்த உரிமை இல்லாத நைக்கி, மெக்சிகோ இயக்குநர் அலெஹாண்ட்ரோ கொன்சாலெஸ் இன்யாரித்துவைக் கொண்டு ‘எதிர்காலத்தை எழுது’ என்னும் பொருள்படும் தலைப்பில் மூன்று நிமிடப் படமொன்றை எடுத்து, போட்டி தொடங்குவதற்கு முன்பே மக்களின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது.

அப்படத்தின் உள்ளமைப்பு ஏறத்தாழ ஒரு சமயக் கதையின் அமைப்பு. இங்கிலாந்து வீரர் வெய்ன் ரூனி அனுப்பும் பந்தைப் பிரெஞ்சு வீரர் ரிபெரி இடைமறிக்கிறார். அந்த ஒரு நொடியிலேயே நாடு துயரில் மூழ்குவதும், ரூனி தாடி வளர்ந்த மனிதராக ஒரு பழைய வண்டிவீட்டில் ஒதுங்கி, மைதானத்தில் கோடு போடும் வேலை செய்து பிழைப்பதும் அவர் மனக்கண்ணில் ஓடுகின்றன. உடனே அவர் பின்னோக்கி ஓடிப் பந்தை மீட்க, பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அவர் பெயர் சூட்டப்படுகிறது, அரசியார் அவருக்குப் பட்டமளிக்கிறார். ஒரே செயலிலிருந்து வீடுபேறும் நரகமும் கிளைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்பது தனிமனிதனின் மனவுறுதி மட்டுமே. வினைப்பயனை நம்பும் சமயங்கள்கூடப் பயன் விளைவதற்குப் பல பிறவிகளை ஒதுக்கின. இப்படமோ சில நொடிகளே தருகிறது.

அடிடாஸ் நிறுவனம் 2004 முதல் முன்வைத்த முழக்கத்தின் பொருள், முடியாதது என ஒன்றில்லை என்பது. 2006 போட்டிக்கு அது வெளியிட்ட விளம்பரத்தில் தெருவில் விளையாடும் இரு சிறுவர்கள் பெயர் சொல்லி அழைத்த மாத்திரத்தில் உலகப் புகழ்பெற்ற வீரர்கள் வந்து நிற்கிறார்கள். ஆகவே சந்தையில் ஒன்றையொன்று வெல்லத் துடிக்கும் இவ்விரு நிறுவனங்களும் கோட்பாட்டளவில் ஒரே மதத்தைச் சேர்ந்தவை என்றே கொள்ள வேண்டும். மனம் உறுதியாக விரும்பினால் பயன் தப்பாது என்பதே அம்மதத்தின் சாரம்.

இந்த நம்பிக்கைக்கு மைதானம் இடம் தரவில்லை. நைக்கி படத்தில் தோன்றிய ரொனால்டினியோ பிரேசில் அணிக்கே தேர்வாகவில்லை. கன்னவாரோ தலைமையேற்ற நடப்பு வாகையரான இத்தாலியும், ரிபெரியின் பிரான்சும் தத்தம் பிரிவுகளில் கடைசியிடம் பெற்று வெளியேறின. ரூனி ஒரு கோலும் அடிக்கவில்லை. இதை அப்படத்தின் சாபம் என்று அப்போது சிலர் பேசினர். அப்பேச்சும் பிழையானதே, ஏனெனில் விளம்பரம் வெற்றி தரும் என்பதும் தோல்வி தரும் என்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரு வடிவங்கள். இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் ராபன் தனியே முன்னேறி அடித்த பந்து, வேறு பக்கம் பாய்ந்துவிட்ட ஸ்பெயின் காப்பாளர் கசியாஸின் நீட்டிய காலில் பட்டு விலகியது. கூடுதல் நேரத்தில் நெதர்லாந்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு மூலை உதையை நடுவர் வழங்கவில்லை. சற்று நேரத்தில், 116ஆம் நிமிடத்தில், இனியெஸ்தா அடித்த கோலே கோப்பையை ஸ்பெயினுக்குத் தந்தது. அவர் சட்டை அடிடாஸ், காலணி நைக்கி. ஆதலால் இரண்டில் எதுவும் அந்த வெற்றியைத் தனக்கே உரியதாகக் கூற வழியில்லை.

செயலையும் பயனையும் பிரித்துப் பார்த்த பழைய சிந்தனைகள் இவ்விடத்தில் பெரிதும் துணைசெய்கின்றன. நம் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவதே அறிவு என்ற ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த கிரேக்க மெய்யியலாளர் எபிக்டெட்டஸ், பந்தாட்டத்தையே எடுத்துக்காட்டாக ஆள்கிறார்: தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை நன்மையென்றோ தீமையென்றோ கருதாமல், அதை எறிவதிலும் பிடிப்பதிலுமே கருத்தூன்றுகிறார் என்பது அவர் விளக்கம். செயலில் உரிமையுண்டு, பயனில் இல்லை என்பது கீதையின் நிலை. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும், தளராத முயற்சியைக் குறிக்கும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்காமல் இரண்டையும் உண்மையாகவே நிறுத்துகிறார். சோம்பலுக்கு இடம் தராமலேயே தோற்றவனைக் குற்றவாளியாக்காத அறம் இம்மூன்றிலும் உண்டு. விளம்பரங்களின் மதத்தில் இல்லாதது இந்த இரக்கமே. முப்பத்திரண்டு அணிகள் கூடி ஒன்று மட்டுமே வெல்லும் போட்டியில், விரும்பியவர் வெல்வர் என்று கற்பிப்பது மற்ற முப்பத்தொன்றையும் மனக்குறை உடையவையாகத் தீர்ப்பிடுவதாகும்.

அதே 2010 போட்டியில், உருகுவேக்கு எதிரான காலிறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில், கானா வீரர் அசமோவா ஜியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அது கோலாகியிருந்தால், உலகக்கோப்பை அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க நாடாகக் கானா ஆகியிருக்கும். சில நிமிடங்களில் தொடங்கிய பெனால்டி முறையில் தன் அணிக்காக முதலில் முன்வந்தவரும் அவரே. அம்முறை பந்து வலைக்குள் சென்றது, ஆயினும் கானா தோற்றது. விளம்பரங்களின் கோட்பாடு அவரை முதல் உதையில் உறுதியற்றவரென்றும் இரண்டாவதில் உறுதியாளரென்றும் கூற வேண்டியிருக்கும். எபிக்டெட்டஸின் அளவுகோலில் இரு உதைகளும் ஒரே மனிதனின் ஒரே தகுதியுடைய செயல்கள்.