காற்றும் சுக்கானும்

மனிதன் தன் வாழ்வுக்குத் தானே பொறுப்பாளியா, அன்றிச் சூழ்நிலையின் கையில் அவன் வெறும் துரும்பா என்னும் வினா மிகப் பழமையானது. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டையும் ஒரே நூலில் அமைத்தார். ஆயினும், ஒன்றை ஏற்பவர் மற்றொன்றை மறுத்தே தீரவேண்டும் என்பதுபோல் மேடைதோறும் வாதிடுகிறார்கள். அவ்வாதத்தைச் சற்று நிறுத்திவிட்டு, கிள்ளான் நீரிணையின் கரையில் நின்று, குறுக்குக் காற்றிலே மோட்டார்ப் படகு ஒன்றைத் துறையில் அணைக்கப் பழகுபவனை நாம் பார்ப்போமாக. ஏட்டில் தீராத வழக்குகள் சில, நீரில் தீர்ந்துவிடுவதுண்டு.

முதலில் காற்றின் இயல்பை அறிதல் வேண்டும். மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், விடியலுக்கு முன்னரோ காலையிலோ மேற்கிலிருந்து திடீரென்று சூறை கிளம்பும். ‘சுமாத்திரா’ என்றே அதற்குப் பெயர். கெத்தாம் தீவுக்குச் செல்லும் படகோட்டிகளுக்கு அது புதிதன்று. காற்றின் வேகம் இருமடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மென்காற்றில் பழகிய கை வன்காற்றில் திகைப்பது இதனாலேதான்.

சாலையில் ஓடும் லாரிக்குத் தரை பிடிமானம் தருகிறது. படகுக்கு அப்படிப்பட்ட துணை இல்லை. முன்னோக்கிச் செல்லும்போதே அது பக்கவாட்டிலும் நழுவுகிறது. பாரம் குறைந்த முன்புறத்தைக் காற்று முதலில் திருப்பிவிடுகிறது. ஆகவே, சேரவேண்டிய இடத்தை நேரே நோக்கிச் செலுத்துபவன் அவ்விடத்தைச் சேரமாட்டான். காற்று வரும் திசையில் சற்றுத் தள்ளிக் குறிவைப்பவனே சேருவான்.

பழகுவோர் இருவகையில் இடறுகின்றனர். ஒருவன் துறை நெருங்கியதும் அஞ்சி, இயந்திரத்தை அடியோடு தணித்துவிடுகிறான். நீரைத் தள்ளும் விசையின்றிச் சுக்கான் வேலை செய்யாது. ஆகவே அவன் படகைக் காற்றே ஆளுகிறது. மற்றொருவன் காற்றை மதியாமல் முழுவேகத்தில் பாய்ந்து, துறைக்கட்டையை நொறுக்குகிறான். தேர்ந்தவர் வழி இவ்விரண்டுக்கும் இடையிலுள்ளது. மோதினாலும் பெருஞ்சேதம் நேராத வேகத்திலேயே அவர் துறையை நெருங்குவார். விசையைச் சிறிது கொடுப்பதும் நிறுத்துவதுமாக, படகு தன் சொற்கேட்கும் அளவுக்கு மட்டும் அதனை நடத்துவார். கணக்குப் பிசகியது என்று கண்டால், இடமிருக்கும்போதே விலகிச் சென்று மீண்டும் தொடங்குவார். அதை அவர் தோல்வி என்று எண்ணுவதில்லை.

காற்று துறையை நோக்கி வீசுமாயின், துறைக்கு இணையாகச் சில அடி தூரத்தில் படகை நிறுத்தினால் போதும். விலாவில் பழைய டயர்களைத் தொங்கவிட்டால், காற்றே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்று துறையிலிருந்து எதிர்த்து வீசுமாயின், சாய்வான கோணத்தில் துணிந்து நுழைந்து, முன்புறத்துக் கயிறொன்றை முதலில் கரைக்குக் கொடுத்துவிட வேண்டும். அக்கயிற்றைப் பின்னோக்கி இழுத்துத் துறையில் கட்டி, சுக்கானைத் துறைக்கு மறுபுறம் திருப்பி, இயந்திரத்தை மெல்ல முன்செலுத்தினால், விலகி நிற்கும் பின்புறம் தானே துறையை நாடி வரும். ஆனால் கயிறு வீசுவோன் ஒருவன் இருந்தால் மட்டும் போதுமா? கரையில் நின்று அதைப் பிடிப்பவன் ஒருவனும் இருந்தால் அன்றோ வேலை எளிதாகும்?

இனி, நம் வினாவுக்கு வருவோம். எல்லாம் தலையெழுத்து என்று கைகட்டி இருப்பவர் இயந்திரத்தை நிறுத்தியவனை ஒப்பர். அவர்கள் காற்றுக்குப் பணிந்ததாக எண்ணுகிறார்கள். உண்மையில் தம் சுக்கானைத் தாமே செயலற்றதாக்கினார்கள். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் படிப்பில் பின்தங்கினால், “அவன் விதி அவ்வளவே” என்று கூறும் பெற்றோர் செய்வது இதுவேயாகும்.

எதிர்ப்பக்கத்துப் பிழையோ இதனினும் கொடியது. ஆங்கிலம் படித்து மேசையடியில் அமர்ந்துவிட்டோரும் பட்டணத்தில் வீடு வாங்கிவிட்டோரும், “நாங்கள் முன்னேறவில்லையா? அவர்கள் சோம்பேறிகள்” என்று லயத்து மக்களைப் பற்றிக் கூறக் கேட்கிறோம். ஒரே காற்று எல்லாப் படகுகளையும் ஒரே அளவில் தள்ளுவதில்லை. ஆழப் பதிந்த படகு நிலைத்து நிற்கும். பாரமின்றி நீர்மேல் உயர்ந்து மிதக்கும் படகு பறந்து ஒதுங்கும். அதுவுமன்றி, அமைதியான வேளையில் வந்து அணைந்தவன், சூறையில் வருபவனின் தடுமாற்றத்தைக் கண்டு நகைப்பது எவ்வகை அறிவு?

நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர் பலர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அந்தக் காற்றை அவர்கள் எழுப்பவில்லை. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் விலைக்கு வாங்கப்பட்டன. காற்று அதனால் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் இயந்திரத்தை நிறுத்தாதவரும் கயிற்றைப் பிடித்தவரும் ஒருங்கு கூடியதால் சில படகுகளேனும் கரை சேர்ந்தன.

அப்படியாயின், படகு மோதியபோது குற்றம் யாருடையது? காற்றுக்குக் குற்றமில்லை, அதற்கு அறிவு கிடையாது. காற்றைக் கணக்கில் கொண்டானா, விசையை இழக்காதிருந்தானா, உரிய நேரத்தில் கயிறு வீசினானா என்று படகோட்டியைக் கேட்கலாம். இவை யாவும் செய்தும் அவன் மோதினானாயின், நாம் திரும்பிப் பார்க்கவேண்டியது கரையை. அங்கே நின்றவர் கயிற்றைப் பிடித்தாரா, அன்றிக் கைகட்டி வேடிக்கை பார்த்தாரா?

பொறுப்பு என்பது முழுவதும் ஒருவன் தலையில் ஏற்றுவதற்குரிய மூட்டையன்று. நீரில் இருப்பவனுக்கு ஒரு பங்கும் கரையில் இருப்பவனுக்கு ஒரு பங்கும் உண்டு. கரை சேர்ந்துவிட்ட தமிழர்கள் தம் பங்கு யாதென்று இன்றே எண்ணிப் பார்ப்பார்களாக. கயிறு வீசப்படுகிறது, கை நீட்டுவதே இனி வேண்டியது.