ஊரின் கடன்

கரியமில வாயுவைக் குறைப்பது யார் கடமை என்று கேட்டால், வழக்கமாக வரும் விடைகள் மூன்று: நாடுகள், பெருநிறுவனங்கள், தனிமனிதர்கள். இவற்றுக்கு நடுவில் இருக்கும் உள்ளாட்சி அமைப்பு பேச்சிலேயே வருவதில்லை. சில ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊராட்சி எதைச் செய்தாலும் பூமியின் வெப்பம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையப் போவதில்லை. பயன் தெரியாத செயலைக் கடமை என்று சொல்ல முடியுமா என்பது மெய்யியலில் பழைய கேள்வி. இன்று அது தெருவிளக்குக் கம்பத்தடிக்கும் தண்ணீர்த் தொட்டியடிக்கும் வந்து நிற்கிறது.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இந்தக் கேள்வியைச் செயலில் சந்தித்தது. குடிநீர்த் திட்டங்கள் பெருகப் பெருக மின் கட்டணமும் ஏறிக்கொண்டே போயிற்று. 1996 முதல் பத்து ஆண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில், மரக்கழிவை எரிவாயுவாக்கித் தண்ணீர் இறைப்பது முதல் சூரிய ஒளித் தெருவிளக்கு வரை பலவும் முயன்று பார்க்கப்பட்டன. 2006-இல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. செலவு 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கொடுத்தது. ஊரின் பொதுத் தேவைக்கு 4.5 லட்சம் யூனிட் போக, மிச்சம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது.

நிலக்கரி மின்சாரமே மிகுந்த இந்திய மின்கட்டமைப்பில் அத்தனை யூனிட்டுக்குச் சுமார் 500 டன் கரியமில வாயு வெளியேறியிருக்கும். எரிபொருள்களை எரிப்பதால் உலகம் ஓராண்டில் வெளியிடுவதோ ஏறத்தாழ 3,700 கோடி டன். ஓடந்துறை குறைத்தது அதில் ஏழு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்வாதத்தின் முழு வலிமையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. அதை மழுப்பாமல் எதிர்கொள்வதுதான் நேர்மை.

அமெரிக்க மெய்யியலாளர் வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் 2005-இல் இதே வாதத்தைத் தனிமனிதரை வைத்து எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகக் கார் ஓட்டுபவரின் புகையால் இன்னாருக்கு இன்ன தீங்கு வந்தது என்று காட்ட முடியாது. ஆகவே அந்த ஒரு பயணத்தைத் தவறு என்று சொல்ல உறுதியான அடிப்படை கிடைக்கவில்லை. அரசுகளைச் செயல்பட வைப்பதே குடிமக்களின் கடமை என்பது அவர் முடிவு. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1984-இல், மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார். பாலைவனத்தில் பத்தாயிரம் பேர் தாகத்தால் தவிக்கிறார்கள். வேறு பத்தாயிரம் பேர் ஆளுக்கு அரை லிட்டர் போலத் தண்ணீரை ஒரு வண்டித் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அது எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. ஒருவர் ஊற்றாமல் போனால் எந்த நாக்குக்கும் அது தெரியாது. அதற்காக அவர் ஊற்ற வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்றார் பார்ஃபிட். தனிச்செயலின் விளைவை மட்டும் எடை போடுவது கணக்கின் பிழை. ஒன்றுசேர்ந்து என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த தமிழ் ஊர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. குடிமராமத்து என்ற வழக்கம் இதன்மேல்தான் நின்றது. கோடையில் ஏரி வற்றியதும் ஆயக்கட்டுக் குடும்பங்கள் ஆள் அனுப்பி வண்டல் எடுக்கும், வாய்க்காலைச் செதுக்கும், கரையை உயர்த்தும். ஒரு கூடை மண்ணால் ஏரியின் கொள்ளளவு கூடியதாக யாரும் அளந்து காட்ட முடியாது. ஆனாலும் 'என் ஒரு கூடைதானே' என்று ஒதுங்கியவரை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் செய்யாத வேலையை இன்னொருவர் செய்ய வேண்டியிருந்தது என்பதே காரணம். கடமை அங்கே பங்கால் அளக்கப்பட்டது. குடியேற்ற ஆட்சியில் இந்த வழக்கம் நலிந்து, 1858-இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரும் நிலை வந்தது. ஊர் தானாகச் செய்ததைத் தண்டனை காட்டிச் செய்விக்கும் நிலை அது.

ஆனால் ஏரிக்கும் வளிமண்டலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏரியில் மண் சுமந்தவரின் வயலுக்கே தண்ணீர் பாயும். கரியைக் குறைத்த ஊருக்கென்று தனி மழை பெய்யாது. அப்படியிருக்க ஊராட்சி ஏன் முன்வர வேண்டும்? பொதுச் சொத்தின் சாவி அதன் கையில் இருப்பதே முதற்காரணம். ஒரு குடும்பம் தன் வீட்டு விளக்கை மாற்றலாம். தெருவிளக்கை மாற்ற முடியாது. குப்பையைப் பிரித்துக் கொடுக்கலாம். பிரித்த குப்பையை மறுபடி ஒரே வண்டியில் கொட்டாமல் தடுக்க முடியாது. தனிமனிதருக்கு மனம் இருந்தும் வழி இல்லாத இடம் அது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 துறைகள் பட்டியலிடப்பட்டன. குடிநீர், சமூகக் காடுகள், எரிபொருளும் தீவனமும், மரபுசாரா எரிசக்தி எல்லாம் அதில் உண்டு.

சாவி என்பது வெறும் உவமை அன்று. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரைப் பார்க்கலாம். காயில் எரிந்து பலமுறை திரும்பக் கட்டப்பட்ட பழைய மோட்டார், ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரம் ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் இழுக்கும். அந்தத் தண்ணீர் வால்வுத் தொட்டியில் கசிந்து சேறாகி, அதில் நாணல் முளைத்திருந்தால், வீணாவது தண்ணீர் மட்டுமா? எங்கோ ஓர் அனல் நிலையத்தில் எரிந்த நிலக்கரியும் அதில் இருக்கிறது. 40 வாட் குழல்விளக்கு சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 50 வாட் எடுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் இரவுக்கு மூன்றில் ஒரு யூனிட் மிஞ்சும். 400 கம்பங்கள் உள்ள ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 48,000 யூனிட். குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகும் காய்கறிக் கழிவிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. மக்கும் குப்பையைத் தனியே வாங்கி உரக்குழியில் இட்டுப் புரட்டிப் போடும் தூய்மைக் காவலரின் கை இந்த மீத்தேனைத் தடுக்கிறது. அந்த வேலைக்கு உரிய கூலியையும் மதிப்பையும் கொடுப்பது ஊராட்சியின் அறத்தில் சேர்ந்ததே.

ஓடந்துறை காற்றாலைக்குத் தூண்டுதல் மின் கட்டணம்தானே, அதை அறம் என்று சொல்லலாமா என்ற ஐயமும் எழும். நோக்கம் தூய்மையாக இருந்தால்தான் செயலுக்கு அறமதிப்பு என்பது மெய்யியலாளர் கான்ட்டின் அளவுகோல். அது தனிமனிதருக்குப் பொருந்தலாம். பொது அமைப்புக்கு அதை அப்படியே வைப்பது சரியில்லை. ஊர்ப் பணத்தைச் செலவிடுபவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். சிக்கனம் அவருக்குக் கடமையின் ஒரு பகுதி. ரூபாயும் கரியும் ஒரே செலவில் மிச்சமானால், இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிச் செய்வதே நேர்மை.

இதைவிடக் கடினமானது நீதி பற்றிய கேள்வி. இந்தியரின் சராசரி வெளியீடு ஆண்டுக்குச் சுமார் 2 டன். அமெரிக்கரின் சராசரி அதைப் போல ஏழு மடங்கு. பிழைப்புக்காக வெளியிடுவதையும் ஆடம்பரத்துக்காக வெளியிடுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1993-இல் எழுதினார். டீக்கடை அடுப்பையும் வயலுக்கு இறைக்கும் பம்புசெட்டையும் பார்த்து ஊராட்சி முதலில் கை நீட்டுமானால், அது அறத்தின் பெயரால் நடக்கும் அநீதி.

கேரளத்தின் வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி இதற்கு நல்ல வழி ஒன்றைக் காட்டியது. 2016-இல் கரிச் சமநிலையை இலக்காக அறிவித்த அந்த ஊராட்சி, முதலில் தன் கணக்கை எடுத்தது. ஆண்டு வெளியீடு சுமார் 33,000 டன். மரமும் மண்ணும் ஈர்ப்பது போக மிஞ்சுவது சுமார் 11,000 டன். பணமுடை வரும்போதெல்லாம் விவசாயி முதலில் கை வைப்பது தோட்டத்து மரத்தில்தான். வெட்டாதே என்று உத்தரவு போடுவதற்குப் பதிலாக அங்கே மரவங்கி தொடங்கப்பட்டது. வளர்ந்த கன்றை அடகு வைத்தால், மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் என்று பத்து ஆண்டுகள் வட்டியில்லாக் கடன் கிடைக்கும். மரத்தை வெட்டினால்தான் பணத்தைத் திருப்ப வேண்டும். இதற்கென்று மாநில அரசு 10 கோடி ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் வைத்தது. உலகுக்கு நிழல் தருபவரிடம் தியாகத்தை மட்டும் கேட்காமல், அவர் காப்பதற்கு ஒரு மதிப்புக் கொடுத்ததில்தான் இத்திட்டத்தின் அறிவு இருக்கிறது. ஐம்பது ரூபாய் போதுமா என்று கேட்கலாம். போதாது என்பதே சரியான பதில். கொள்கை அதனால் பழுதாகிவிடவில்லை.

இன்னும் பிறக்காதவர்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை. ஊராட்சியின் ஆயுளோ ஐந்து ஆண்டு. வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். ஜெர்மானிய மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979-இல் வலியுறுத்தியது இதைத்தான்: மனிதரின் ஆற்றல் எவ்வளவு தொலைவுக்குச் செல்கிறதோ அவ்வளவு தொலைவுக்குப் பொறுப்பும் செல்ல வேண்டும். காந்தியின் தர்மகர்த்தாக் கொள்கை செல்வம் வைத்திருப்பவரைப் பற்றியது. கையில் இருப்பது தன்னுடையதன்று என்ற அதன் உணர்வு ஊராட்சிக்கு இன்னும் நெருக்கமானது. ஏரி, மேய்ச்சல் நிலம், சாலையோரப் புளியமரம் எதுவும் தலைவருக்கோ உறுப்பினருக்கோ சொந்தமில்லை. இத்தகைய பொதுச் சொத்துக்குக் கணக்குக் கேட்பதும் இங்கே புதிதன்று. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலையால் ஆள் எடுத்ததைச் சொல்கிறது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் ஒதுக்கியதையும் சொல்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஊராட்சியின் எல்லை எல்லைதான். அனல் நிலையத்தை மூடுவதோ, பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றுவதோ, சிமெண்ட் ஆலையைத் திருத்துவதோ அதன் கையில் இல்லை. முடியாததைக் கடமையாகச் சுமத்துவது நியாயமும் ஆகாது. மேலே உள்ளவர்கள் தங்கள் பங்கைத் தட்டிக்கழிக்க ஊராட்சியைக் காட்டுவது அதைவிடப் பெரிய தவறு. முடிந்ததைச் செய்யாமல் விடுவதற்கு மட்டும் இவை எதுவும் காரணம் ஆகா.

தமிழில் கடமைக்கும் வாங்கிய பணத்துக்கும் கடன் என்ற ஒரே சொல்தான். ஓடந்துறை வங்கியில் வாங்கிய கடன் காற்றாலை வருவாயிலிருந்தே அடைக்கப்பட்டது. மற்றக் கடனின் கணக்கு கிராம சபையில் கேட்கப்பட வேண்டியது. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அங்கே எழுந்து ஊராட்சியின் மின் கட்டணம் எவ்வளவு என்று கேட்கலாம்.