அமானிதமாய் வந்த துயரம்

எழுதுகிறவனுக்கு எது கடினம் என்று கேட்டால், சொல் கிடைக்காத நாட்களைத்தான் பலரும் குறிப்பிடுவர். நம்மைக் கேட்டால், சொல் கிடைத்துவிட்ட நாளே கடினமானது என்போம். ஏனெனில், கிடைத்தது பெரும்பாலும் நமக்குச் சொந்தமானதன்று. யாரோ ஒருவர் நம்மை நம்பித் திண்ணையில் அமர்ந்து கொட்டிய துயரம் அது. அதைக் கதையாக்க நமக்கு உரிமை உண்டா? எழுத்தாளன் தன் மனச்சாட்சியிடம் தப்ப முடியாத வினா இது.

ருஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் இந்த வினாவில் வசமாகச் சிக்கிக்கொண்டவர். நிலக்காட்சி ஓவியர் ஐசக் லெவிதான் அவருடைய ஆருயிர் நண்பர். லெவிதானுக்கும், ஓவியக் கலையில் ஈடுபாடு கொண்ட சோஃபியா குவ்ஷின்னிகோவா என்ற மணமான மாதுக்கும் இருந்த உறவை நண்பர்கள் அனைவரும் அறிவர். அம்மாதின் கணவர் ஒரு மருத்துவர்.

1892-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செகாவின் கதையொன்று வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘தத்துக்கிளி’ என்னும் பெயரால் அறியப்படுவது அது. அதில் வரும் மருத்துவரின் மனைவி புகழ்பெற்ற மனிதர்களைத் தேடித் தேடி ஓடுகிறாள். ஓவியன் ஒருவனோடு வோல்கா நதியில் பயணம் போகிறாள். கணவனையோ ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நோயுற்ற சிறுவனின் தொண்டையில் அடைத்திருந்ததை உறிஞ்சி எடுத்த அந்தக் கணவன், தொண்டை அடைப்பான் நோய்க்கே பலியாகிறான். தான் தேடிய பெரிய மனிதன் தன் வீட்டிலேயே இருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புலப்படுகிறது.

மாஸ்கோ நகரம் ஆளை அடையாளம் கண்டுகொண்டது. தம் கதாநாயகிக்கு இருபது வயது, தம்மீது குறைப்படும் மாதுக்கோ நாற்பதுக்கு மேல் என்று செகாவ் தம் கடிதமொன்றில் வாதாடினார். வாதம் எடுபடவில்லை. லெவிதான் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. 1895 ஜனவரியில் இருவருக்கும் வேண்டிய தோழி ஒருவர் அவரைச் செகாவின் மெலிகோவோ இல்லத்திற்கு அழைத்து வந்த பின்னரே நட்பு மீண்டது. சோஃபியாவின் நட்பு மீளவேயில்லை.

கதை உயர்ந்தது, ஆகவே குற்றம் கழிந்தது என்பார் உளர். நட்பு பெரிது, ஆகவே எழுதியிருக்கவே கூடாது என்பாரும் உளர். இரண்டுமே எளிய தீர்ப்புகள். ஆரவாரமின்றித் தொண்டு செய்து மறையும் மனிதர்களை நாம் மதிக்கத் தவறுகிறோம் என்ற உண்மையை அந்தக் கதை நெஞ்சில் தைக்கச் சொல்கிறது. ஆனால், அதைச் சொல்வதற்கு உயிரோடிருந்த ஒரு பெண்ணை ஊர் நகைக்க நேர்ந்தது. செகாவும் ஒரு மருத்துவரே. நோயாளியின் இரகசியத்தை வெளியிடலாகாது என்பதை அவர் அறியாதவரல்லர். கையில் பேனா வந்தபோது மட்டும் அந்த வரம்பு நெகிழ்ந்துபோனது ஏன்?

விடை நமக்குத் தெரியும். நாமும் அதே பிழையைச் செய்தவர்கள்தாம். நம் தெருவில் ஒரு ராத்தா இருந்தார். தம் வாழ்க்கையில் பட்ட அவமானம் ஒன்றை ஒருநாள் நம்மிடம் சொல்லி அழுதார். சில ஆண்டுகள் கழித்து அதைக் கதையாக எழுதினோம். ஊரை மாற்றினோம், பெயரை மாற்றினோம், பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றினோம். யாரோ அவருக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டார்கள். அடுத்த முறை போனபோது அவர் கோபிக்கவில்லை.

“எல்லாத்தையும் மாத்திட்டியே தம்பி, என் வெத்திலைப் பெட்டிய மட்டும் ஏன் மாத்தாம விட்டே?” என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. உண்மையில் பதில் இருந்தது, சொல்லத்தான் நாவெழவில்லை. மூடி நெளிந்த அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் கதைக்கு உயிர் இல்லை. பேச முடியாத போதெல்லாம் அவர் அதைத் திறந்து திறந்து மூடுவார். எழுத்துக்கு உயிர் கொடுக்கும் நுணுக்கம் எதுவோ, அதுவே ஆளையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வயதையும் ஊரையும் மாற்றி எழுத்தாளன் தேடும் பாதுகாப்பு அவனுக்கே பாதுகாப்பு. அவன் எழுதியவர்களுக்கு அன்று.

அப்படியானால் எழுதாதிருப்பதா? அதுவும் நீதியாகாது. எல்லாரும் வாய்மூடியிருந்தால் அவமானப்படுத்தியவர்களுக்கே அது வசதி. ஆயினும் ஒன்று செய்யலாம். எழுதும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்: இம்மனிதரைப் புரிந்துகொள்ள எழுதுகிறோமா, தீர்ப்புக்கூற எழுதுகிறோமா? இதே வெளிச்சத்தில் நம்மை நிறுத்த நமக்குத் துணிவு உண்டா? இவற்றுக்கு நேர்மையாக விடை கூறிய பிறகும் ஒருவர் மனம் புண்படக்கூடும். அப்போது கலையின் பெயரால் நியாயம் பேசாமல், அந்த இழப்பை நமக்குரிய கடனாக ஏற்றுக்கொள்வதே முறை. பிறர் துயரம் நம்மிடம் அமானிதமாக வருகிறது. அதைச் செலவழித்துவிட்டவன், கடன் இல்லையென்று மட்டும் சொல்லலாகாது.

அந்த ராத்தா அன்றும் வழக்கம்போல் தேநீர் தந்தார். பிள்ளைகளின் நலம் கேட்டார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் பழகினோம். ஆனால், தம்மைப் பற்றி ஒரு சொல்லும் அவர் நம்மிடம் மீண்டும் சொன்னதில்லை.